தி சவுண்ட் ஆஃப் மியூசிக் உங்கள் ஊருக்கு வருகிறதா? டிக்கெட் எடுப்பது முதல் திரை விழுவது வரை, குடும்பத்தோடு பார்க்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் ஓரளவு பெரிய நகரம் எதுவானாலும், நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வேயின் நாடகங்கள் லாரிகளில் ஏறி அங்கே வந்துபோகின்றன. அவற்றில் 'குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்' என்று நம் வீடுகளில் யோசிக்காமல் முடிவு செய்யப்படும் நாடகம் தி சவுண்ட் ஆஃப் மியூசிக். காரணம் 1965-ல் வந்த படம். ஊரில் பாட்டி பார்த்தது, பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்தது, இப்போது பிள்ளைகள் டிவியில் பார்ப்பது.

அங்கேதான் சிக்கலும். மேடையில் வருவது அந்தப் படம் இல்லை. படத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1959 நவம்பர் 16 அன்று பிராட்வேயின் லன்ட்-ஃபான்டேன் அரங்கில் தொடங்கிய நாடகம் இது. கன்னியர் மடத்திலிருந்து மரியா என்ற இளம்பெண், மனைவியை இழந்த கேப்டன் டிராப்பின் ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறாள்; நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழையும் காலத்துக் கதை. பாட்டுகள் இடம் மாறியிருக்கும், சில பாட்டுகளே இருக்காது, நீங்கள் கேட்டிராத பாட்டுகள் இருக்கும். நாஜிகளைப் பற்றிய பேச்சும் படத்தில் இருப்பதைவிட வெளிப்படையாக வரும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அருமையான மாலை. தெரியாமல் போகிறவர்கள் இடைவேளையில் 'படம் மாதிரி இல்லையே' என்று முணுமுணுப்பதை எந்த ஊர் அரங்கிலும் கேட்கலாம்.

படி 1: வருவது எது என்று முதலில் பாருங்கள்

ஒரே பெயரில் மூன்று விதமான நாடகம் உங்கள் ஊருக்கு வரலாம். முதலாவது, நாடு முழுக்கச் சுற்றும் தொழில்முறைத் தயாரிப்பு. இரண்டாவது, உங்கள் ஊர் நாடகக் குழுவே உரிமம் வாங்கிப் போடுவது. மூன்றாவது, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் போடுவது. மூன்றும் பார்க்கத் தக்கவைதான், ஆனால் டிக்கெட் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விளம்பரத்தில் 'நேஷனல் டூர்' என்று இருந்தால் முதல் வகை.

இப்போது பேசப்படும் சுற்றுப்பயணத் தயாரிப்பு ஜாக் ஓ'பிரையன் இயக்கியது. 2015-ல் லாஸ் ஏஞ்சலஸின் ஆமன்சன் அரங்கில் தொடங்கிப் பல நகரங்கள் போய் வந்தது. 2025-ல் மறுபடி புறப்பட்டிருக்கிறது. பழைய பாட்டு நாடகம்தானே என்று அலட்சியமாகச் செய்யாமல், வசனத்தில் உள்ள அரசியலைக் கவனித்து இயக்கியவர் என்பதால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. இந்தியாவில் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 2023 மே மாதம் மும்பையின் நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையம் வெளிநாட்டு பிராட்வே நாடகத்துக்குக் கதவு திறந்தது இந்த நாடகத்தைக் கொண்டுதான்.

படி 2: யார் யாரை அழைத்துப் போகலாம்

'ஃபேமிலி ஷோ' என்று போட்டிருப்பதை நம்பி நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாடகம் இடைவேளை சேர்த்து இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். பல அரங்குகளில் நான்கு அல்லது ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி கிடையாது. அனுமதிக்கும் இடங்களிலும் மடியில் உட்காரும் குழந்தைக்குத் தனி டிக்கெட் கேட்பார்கள். விதி அரங்குக்கு அரங்கு மாறும் என்பதால் அரங்கின் வலைத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

வயதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பிள்ளையால் பாட்டு இல்லாத பத்து நிமிடத்தைத் தாங்க முடியுமா? கார்ட்டூன் பாணியில் மூன்று நிமிடத்துக்கு ஒரு வேடிக்கை நடக்கும் நாடகம் இல்லை இது. பெரியவர்கள் கல்யாணத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நின்று பேசும் காட்சிகள் உள்ளன. ஏழு வயதிலிருந்து நன்றாக ரசிப்பார்கள். ஐந்து, ஆறு வயது என்றால் பிள்ளையைப் பொறுத்தது.

தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் தயங்காமல் அழைத்துப் போங்கள். இந்த நாடகத்துக்கு அவர்களைவிட நல்ல பார்வையாளர் கிடையாது. 1969-ல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த 'சாந்தி நிலையம்' இதே கதையைத் தழுவியதுதான் என்று சொன்னால் போதும், கதை முழுவதும் அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாது என்று பயந்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காதில் மாட்டும் ஒலிக்கருவி. அரங்க முகப்பில் ஒரு அடையாள அட்டையை வைத்துவிட்டு இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று, வசனத்தை எழுத்தில் காட்டும் காட்சி. ஒரு ஊரில் நாடகம் நடக்கும் நாட்களில் ஏதாவது ஒரு காட்சியையாவது இப்படி நடத்துவது பல அரங்குகளில் வழக்கம். காது நன்றாகக் கேட்டாலும் பாட்டின் சொற்களைப் படித்துக்கொண்டே கேட்பது தனிச் சுகம்.

படி 3: டிக்கெட்

இந்த வழிகாட்டியிலேயே உங்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சமாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கூகுளில் நாடகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் போட்டால் முதலில் வருவது பெரும்பாலும் அரங்கின் வலைத்தளமாக இருக்காது. மறுவிற்பனைக் கடைகள் காசு கொடுத்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அரங்கின் பெயரையே முகவரியில் வைத்துக்கொண்டு, அசல்போலவே நிறமும் படமும் போட்டிருக்கும். அங்கே 80 டாலர் டிக்கெட்டை 190-க்கு வாங்கிவிட்டு, அரங்கில் இன்னும் டிக்கெட் மீதி இருப்பதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். எனவே தேடாதீர்கள். நேராக அரங்கின் சொந்த வலைத்தளத்துக்குப் போய், அங்குள்ள இணைப்பை அழுத்துங்கள். அது டிக்கெட் விற்கும் தளமான டிக்கெட்மாஸ்டருக்கே கொண்டுபோனாலும் பரவாயில்லை, அதுதான் அசல் வழி.

விற்பனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆண்டுச் சந்தாதாரர்கள், பிறகு குழுக்கள், அதன் பிறகே பொதுமக்கள். ஒரு ஊரில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ நடக்கும் நாடகத்தில் நல்ல இருக்கைகள் முதல் இரண்டு கட்டத்திலேயே போய்விடும். குழு என்றால் ஏதோ பெரிய நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் பத்துப் பேர் சேர்ந்தாலே குழுதான். உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் பத்துப் பேர் ஆகிவிட்டது! ஒருவர் பொறுப்பெடுத்து அரங்கின் குழு விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், தள்ளுபடியும் கிடைக்கும், பொது விற்பனைக்கு முன்பே இருக்கையும் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் 'யார் யார் வர்றீங்க' என்று கேட்டுப் பணம் வசூலிப்பதுதான் உண்மையான உழைப்பு. பணம் கைக்கு வந்த பிறகே எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது விலையோடு சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையும் சேர்ந்து வரும். நான்கு டிக்கெட் வாங்கினால் அந்தத் தொகையே இன்னொரு டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் வரக்கூடும். பல அரங்குகளில் நேரில் போய்க் கவுன்டரில் வாங்கினால் இந்தக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. அரங்கு உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மதிய உணவு வேளையில் போய் வாங்கி வாருங்கள். கவுன்டரில் இருப்பவர் 'அந்த இருக்கையில் தூண் மறைக்கும், இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவும் செய்வார். எந்த இணையதளமும் அதைச் சொல்லாது.

விலை நிலையானது இல்லை, விற்பனையைப் பார்த்து ஏறும், இறங்கும். செவ்வாய், புதன் இரவுகள் பொதுவாக மலிவு. சனி, ஞாயிறு மதியக் காட்சிகள்தான் குடும்பங்கள் மோதிக்கொள்ளும் இடம், அதனால் விலையும் அதிகம். அன்றன்று காலையில் குலுக்கல் முறையில் மலிவு டிக்கெட் தரும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. அது தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்குச் சரி. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் அதை நம்ப முடியாது.

படி 4: எந்த நாள், எந்த இருக்கை

சுற்றுப்பயண நாடகம் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் போடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவுக் காட்சி, சனியும் ஞாயிறும் மதியமும் இரவும், திங்கள் ஓய்வு என்பது வழக்கமான அமைப்பு. ஒரு வாரம் மட்டும் தங்கும் ஊர் என்றால், ஞாயிறு இரவுக் காட்சி முடிந்த கையோடு மேடை அமைப்பைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள், அடுத்த ஊரில் மறுபடி பூட்டுவார்கள். உள்ளூரில் சேர்த்துக்கொள்ளும் மேடைப் பணியாளர்களும் இசைக்கலைஞர்களும் முதல் நாளில்தான் கூட்டத்தோடு கலப்பார்கள். அதனால் ஒரு ஊரின் முதல் செவ்வாய் இரவில் ஒலி கொஞ்சம் முன்பின் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மலிவாகக் கிடைத்தால் நான் அதை எடுத்துக்கொள்வேன். ஒரே ஒரு முறைதான் போகப்போகிறீர்கள் என்றால் வியாழனுக்குப் பிறகு பாருங்கள்.

சிறு பிள்ளைகளோடு என்றால் மதியக் காட்சிதான், அதில் விவாதமே இல்லை. இரவு ஏழரைக்குத் தொடங்குவது முடிய பத்து மணி தாண்டிவிடும். இரண்டாம் பாதியில்தான் கதையின் உயிரே இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

இருக்கை விஷயத்தில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த நாடகம் முதலில் நடந்த லன்ட்-ஃபான்டேனில் சுமார் 1,500 இருக்கைகள். உங்கள் ஊர் அரங்கு அதைப்போல இரு மடங்கு இருக்கலாம். அட்லான்டாவின் ஃபாக்ஸ் அரங்கில் 4,600-க்கும் மேல். ஆகவே 'கீழ்த்தளம்' என்பதாலேயே நல்ல இருக்கை ஆகிவிடாது. கீழ்த்தளத்தின் பின்வரிசைகள் மாடிக்கு அடியில் போய்விடும். அங்கே மேடையின் மேல்பகுதி மறையும், ஒலியும் அமுங்கும். அதே விலைக்கு, பல சமயம் அதைவிடக் குறைவாகவே, முதல் மாடியின் மூன்றாம் வரிசை கிடைக்கும். இந்த நாடகத்துக்கு அதுதான் என் முதல் தேர்வு. ஏழு பிள்ளைகள் வரிசையாக நிற்பதும், கன்னியர் மடத்தில் கன்னியர்கள் விளக்கோடு நடந்துவருவதும் மேலிருந்து பார்த்தால்தான் அழகு.

முதல் மாடியின் முதல் வரிசை வேண்டாம் என்பதற்குக் காரணம் கைப்பிடிக் கம்பி. பெரியவர்களுக்குத் தெரியாது, பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக அது வந்து நிற்கும். கீழ்த்தளம்தான் கிடைத்தது என்றால் நடைபாதை ஓரமாக எடுங்கள். முன்னால் ஆறடி மனிதர் வந்து உட்கார்ந்தாலும் பிள்ளை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கலாம். அவசரத்துக்கு எழுந்து போகவும் வசதி. குழந்தைகளுக்கு உயரம் கூட்டும் மெத்தை பல அரங்குகளில் இருக்கும், ஆனால் கேட்பவருக்கு மட்டுமே தருவார்கள், முன்னதாகக் கேட்பவருக்கே கிடைக்கும்.

படி 5: போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

முந்தின வாரம் படத்தைப் போட்டுக் காட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நான் வேறு மாதிரி சொல்வேன். பிள்ளைகள் இதுவரை படம் பார்க்கவில்லை என்றால், பார்க்காமலே அழைத்துப் போங்கள். ஒப்பிட எதுவும் இல்லாத கண்ணுக்குத்தான் மேடை முழுசாகத் தெரியும். ஏற்கனவே பார்த்துவிட்டார்கள் என்றால், என்னென்ன மாறியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதுவே ஒரு விளையாட்டாகிவிடும், அரங்கில் உட்கார்ந்து மாற்றங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

படத்தில் இடி மின்னல் இரவில் மரியா பிள்ளைகளுக்குப் பாடும் 'மை ஃபேவரிட் திங்ஸ்' மேடையில் மடத்திலேயே, தலைமைக் கன்னியோடு மரியா சேர்ந்து பாடும் பாட்டு. அப்படியென்றால் இடி இரவில் என்ன பாடுவார்கள்? 'தி லோன்லி கோட்ஹெர்ட்'. படத்தில் அதற்கு வந்த பொம்மலாட்டம் மேடையில் கிடையாது. ஆடு மேய்ப்பவன் பாட்டுக்காகவே வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்! 'டோ-ரே-மி'க்கு சால்ஸ்பர்க் நகரத்தைச் சுற்றிவரும் சைக்கிளும் படிக்கட்டும் இல்லை. பிள்ளைகளை முதன்முதலில் பார்த்த அறையிலேயே, அப்போதே சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு இதுதான் பிடிக்கும். விறைத்து நின்ற ஏழு பேர் ஐந்தே நிமிடத்தில் கரைவதை வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் கண்ணெதிரே பார்க்கலாம்.

மரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாடும் 'ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்', காதல் பாட்டான 'சம்திங் குட்' இரண்டும் படத்துக்காகப் பிறகு எழுதியவை. பாடலாசிரியர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் அதற்குள் காலமாகிவிட்டதால், இவற்றுக்கு இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸே இசையோடு சொற்களையும் எழுதினார். மேடையில் காதல் பாட்டு முதலில் 'ஆன் ஆர்டினரி கப்பிள்'. பிற்கால மேடையேற்றங்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு 'சம்திங் குட்' வைத்துவிட்டார்கள், யாருக்கும் வருத்தமில்லை.

படத்தில் வெட்டப்பட்ட இரண்டு பாட்டுகள்தான் உண்மையான ஆச்சரியம். கேப்டன் மணக்கவிருக்கும் பணக்காரப் பெண் எல்சாவும் குடும்ப நண்பர் மாக்ஸும் பாடும் 'ஹவ் கேன் லவ் சர்வைவ்' பணக்காரர்களின் காதலைக் கிண்டல் செய்வது. 'நோ வே டு ஸ்டாப் இட்' இன்னும் கூர்மையானது. வருகிற நாஜிகளைத் தடுக்க முடியாது, அனுசரித்துப் போய்விடுவோம் என்று எல்சாவும் மாக்ஸும் கேப்டனுக்குச் சிரித்துக்கொண்டே புத்தி சொல்கிறார்கள். மெட்டு துள்ளலாக இருக்கும், சொல்லும் விஷயம் வயிற்றைக் கலக்கும். கேப்டனும் எல்சாவும் பிரிவது இந்த விவாதத்தில்தான். படத்தில் அது மரியாவுக்கும் எல்சாவுக்கும் இடையிலான போட்டியாகச் சுருங்கிவிட்டது. மேடையில் எல்சா வில்லி இல்லை, வசதியை விட மனம் வராத புத்திசாலி. இந்த ஒரு பாட்டுக்காகவே நாடகத்தைப் படத்தைவிட மேலே வைப்பேன்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிவையுங்கள். இரண்டாம் பாதியில் நாஜிச் சீருடைகள் வரும். இசைப் போட்டிக் காட்சியில் மேடை முழுக்கச் ஸ்வஸ்திகக் கொடி தொங்கவிடும் தயாரிப்புகள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனிக் குழப்பம் வரும், பூஜை அறையில் பார்த்த சின்னம்போல இருக்கிறதே என்று. அரங்கின் இருட்டில் உரக்கக் கேட்டுவிடும் முன் வீட்டிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது: நாம் வைக்கும் சின்னம் அதற்குப் பல நூற்றாண்டு பழையது, அதை எடுத்துச் சாய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டு லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற ஒரு ஆட்சி இருந்தது, அந்தக் கொடியைக் கண்டு இந்த ஊர் மக்கள் நடுங்குவது அதனால்தான். எட்டு வயதுக்கு இவ்வளவு போதும்.

படி 6: அன்று

உடைக்குக் கட்டுப்பாடு கிடையாது. பட்டுப்புடவையும் வரும், ஜீன்ஸும் வரும். குளிர்சாதனத்தைத்தான் தாராளமாக வைப்பார்கள், பாட்டிக்குச் சால்வை கட்டாயம். பை அளவுக்கு விதி இருக்கும், சில இடங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான். நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

முறுக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கன்னியர்கள் மெல்லிய குரலில் லத்தீனில் பாடும்போது நம் வரிசையிலிருந்து நொறுங்கும் சத்தம் வந்தால் அரங்கே திரும்பிப் பார்க்கும். போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பெரும்பாலான அரங்குகளில் மூடியுள்ள கோப்பையில் தண்ணீர் கொண்டுபோகலாம்.

நேரத்துக்கு முன்னால் போங்கள் என்று எல்லா நாடகத்துக்கும் சொல்வார்கள். இதற்கு அதில் வேறு அர்த்தம் இருக்கிறது. மற்ற இசை நாடகங்களில் தொடக்கத்தில் வாத்திய இசை சில நிமிடம் ஓடும், தாமதமாக வந்தவர்கள் அதற்குள் உட்கார்ந்துவிடலாம். இங்கே அப்படி ஒன்று இல்லை. விளக்கு அணைந்ததும் கன்னியர்களின் வழிபாட்டுப் பாடல் நேரடியாகத் தொடங்கிவிடும், வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும். ஐந்து நிமிடம் தாமதம் என்றால் அது போயிற்று, மரியா மலையில் பாடும் முதல் பாட்டும் கதவுக்கு வெளியே நின்றபடிதான்.

நிகழ்ச்சிப் புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு துண்டுச் சீட்டு விழுந்தால், இன்று இந்தப் பாத்திரத்தில் மாற்று நடிகர் நடிக்கிறார் என்று பொருள். முகம் சுளிக்க வேண்டாம். ஊர் ஊராக வாரம் எட்டுக் காட்சி பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். மாற்று ஆட்கள் பெரும்பாலும் அந்த வாய்ப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், வெளுத்து வாங்குவார்கள்.

படி 7: அரங்குக்குள் எதைக் கவனிப்பது

ஹெலிகாப்டரில் இறங்கும் மலைக்காட்சி இல்லை. லாரியில் ஏற்ற முடிந்த மலைதான் மேடைக்கு வரும், வரைந்த திரையும் விளக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடும்.

தலைமைக் கன்னியைக் கவனியுங்கள். மேடையில் இருக்கும் நேரம் குறைவு, ஆனால் முதல் பாதியை முடித்துவைப்பது அவருடைய 'க்ளைம்ப் எவ்ரி மவுன்டன்'. 1959-ல் இதைப் பாடிய பாட்ரிசியா நெவே ஆப்பரா பாடகி. பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகளில் துணை நடிகைக்கானது அவருக்குத்தான் கிடைத்தது. அதே பிரிவில் அவரோடு போட்டியிட்டவர்கள் யார் தெரியுமா? டிராப் குடும்பத்துப் பிள்ளைகளாக நடித்த ஏழு பேரும், ஒரே பெயர்போலச் சேர்த்து. அந்த ஏழு பேரில் இரண்டு பையன்கள், பிரிவோ சிறந்த துணை நடிகை! நாடகம் அந்த ஆண்டு ஐந்து டோனி வாங்கியது. சிறந்த இசை நாடகம் விருதை 'ஃபியோரெல்லோ!' என்ற நாடகத்தோடு பங்கு போட்டுக்கொண்டது.

குழந்தை நடிகர்களைப் பார்க்கும்போது நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவற்றில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த சிறுவர்கள் ஊர் ஊராகப் போய் நடித்தார்கள். இன்றைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பாடம் சொல்லித்தர ஆசிரியரும் பார்த்துக்கொள்ளப் பாதுகாவலரும் கூடவே போகிறார்கள். மூத்த பெண் லீசலாக வருபவர் மட்டும் பெரும்பாலும் பதினெட்டைத் தாண்டிய நடிகை.

இரண்டாம் பாதியில் 'எடெல்வைஸ்' வரும் இடத்தில் அரங்கு அடங்கிப்போகும். ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாட்டு என்றும் தேசிய கீதம் என்றும் நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படி எதுவும் இல்லை. பாஸ்டனில் வெள்ளோட்டம் நடந்தபோது, கேப்டனாக நடித்த தியோடர் பிக்கெல் கிட்டார் வாசிக்கக்கூடியவர் என்பதால் அவருக்காகச் சேர்த்த பாட்டு அது. ஹேமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டும் அதுதான். நாடகம் தொடங்கி ஒன்பது மாதத்தில், 1960 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார்.

கடைசியில், லீசலை விரும்பி நாஜிகளோடு சேர்ந்துவிடும் இளைஞன் ரோல்ஃபின் முடிவு படத்தில் பார்த்ததுபோல இருக்காது. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன், லீசலின் முகத்தையும் அவன் கையில் இருக்கும் விளக்கையும் பாருங்கள்.

கூடவே பாடலாமா? கூடாது. படத்துக்குக் கூட்டமாகச் சேர்ந்து பாடும் காட்சிகள் தனியாக நடக்கின்றன, அங்கே தொண்டை கிழியப் பாடுங்கள். இங்கே பக்கத்து இருக்கைக்காரர் காசு கொடுத்தது மேடையில் இருப்பவர் பாடுவதைக் கேட்க. கைபேசியை அணைத்துவிடுங்கள், ஒலியை மட்டும் குறைத்தால் போதாது, திரை வெளிச்சம் பத்து வரிசைக்குத் தெரியும். எல்லோரும் வணங்க வரும்போது மட்டும் படம் எடுக்கச் சில அரங்குகள் விடும். வாசலில் நிற்கும் ஊழியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைவேளை சுமார் இருபது நிமிடம். விளக்கு எரிந்த நொடியில் பெண்கள் கழிப்பறையை நோக்கி நடந்தால்தான் உண்டு. மேல் மாடிக் கழிப்பறையில் வரிசை சிறியதாக இருக்கும், ஏறிப் பாருங்கள்.

படி 8: திரும்பும் வழியில்

காரில் ஏறியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, 'இது நிஜமா நடந்ததா?' பாதி நிஜம் என்று சொல்லலாம்.

மரியா நிஜம். 1905-ல் பிறந்தவர், மடத்தில் கன்னியாகப் பயிற்சியில் இருந்தபோது கடற்படைக் கேப்டன் கேயார்க் ஃபான் டிராப் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஏழு பேருக்கும் தாதியாக இல்லை, நோயிலிருந்து தேறிவந்த ஒரே ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லித்தர. கல்யாணம் 1927-ல் நடந்துவிட்டது. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது 1938 மார்ச்சில். இந்தப் பதினோரு ஆண்டுகளை நாடகம் ஒரு கோடைக்காலமாக மடக்கிவிட்டது. கேப்டன் விசில் ஊதிப் பிள்ளைகளை அழைத்தது உண்மைதான், ஆனால் கல்நெஞ்சர் இல்லை. அப்படிக் காட்டியதில் அவருடைய பிள்ளைகளுக்குக் கடைசிவரை மனக்குறை இருந்தது. ஏழு பிள்ளைகளில் மூத்தது லீசல் என்ற பெண் இல்லை, ரூப்பர்ட் என்ற பையன். மரியாவுக்கும் கேப்டனுக்கும் பிறகு மூன்று பிள்ளைகள் பிறந்தன, ஆக மொத்தம் பத்து. பாட்டைத் தொழிலாக்கியதற்கும் மேடையில் வராத ஒரு காரணம் இருக்கிறது: 1930-களில் பணம் போட்டிருந்த வங்கி திவாலாகிக் குடும்பம் சொத்தை இழந்தது.

மலையேறித் தப்பினார்களா? இல்லை. பட்டப்பகலில் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். கேப்டன் பிறந்த ஸாரா நகரம் முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிக்குப் போய்விட்டதால் குடும்பத்துக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. சால்ஸ்பர்க் வரைபடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து மலையைத் தாண்டினால் போய்ச் சேருமிடம் ஜெர்மனி.

பிறகு அமெரிக்கா வந்து வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவில் பண்ணை வாங்கினார்கள். குடும்பம் நடத்தும் விடுதி இன்றும் அங்கே இருக்கிறது. 1980-ல் தீயில் அழிந்து, மறுபடி கட்டப்பட்டது. மரியா 1987-ல் இறந்தார், கல்லறை அந்த வளாகத்திலேயே. பாஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் இலையுதிர்காலத்தில் வண்ண இலை பார்க்க வெர்மான்ட் போவதுண்டு. அந்தப் பயணத்தில் ஸ்டோவையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அக்டோபர் வார இறுதி அறைகளுக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.